மத்த ரெண்டு எலும்பு

காளியாயி பிறக்கும்போது தலைக்கு முந்திக் காலைத்தான் வெளியே நீட்டினாள். ஆத்தாக்காரி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது, கூடாரமலைத் தோட்டத்துக்கு ஒரு வைத்தியமும் கிடைத்தது. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம்ம சனம் கடல் தாண்டி வந்தபோது சட்டி பானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த நம்பிக்கை. பூண்டுலோயாப் பக்கத்து மலைகளில் நாளெல்லாம் நின்று கொழுந்து எடுக்கிற பொம்பளைகளுக்கு முதுகு பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்? "ஏ காளி, செத்த வந்து ஏறி எறங்கிட்டுப் போடி" என்று லயத்து வரிசை வீடுகளில் ஏதாவது ஒரு காம்பராவிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும்.

அதற்கு ஒரு முறை உண்டு. இஸ்தோப்புத் திண்ணையில் பாயை விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். காளியாயி வாயைத் திறக்காமல் வலது காலால் மூன்று தடவை மிதிப்பாள். அந்த வாயைக் கட்டுவதுதான் அவளுக்குப் பெரும்பாடு. மற்ற நேரத்தில் அவள் வாய்க்குக் கங்காணியே ஒதுங்கி வழிவிடுவான். காசு தொடமாட்டாள், வெற்றிலை பாக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். புருசன் கொழும்பில் கடையில் நிற்கிறான், பிள்ளை இல்லை, தோட்டத்தில் அவளுக்கென்று இருந்த மரியாதை அந்தக் கால் ஒன்றுதான். அதைத்தான் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் ஊர் பார்க்கப் பிடுங்கினார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.

பக்கத்துக் காம்பரா சண்முகவடிவு காளியாயிக்கு நாலைந்து வயசு மூப்பு. ரெண்டு பேருக்கும் மலையிலும் பக்கத்துப் பக்கத்து நிரை. தண்ணிக் குழாயடியில் சண்டை, சாயங்காலம் ஒரே இஸ்தோப்பில் பிளேன்டீ. அந்த வடிவு கொஞ்ச காலமாகக் குள்ளமாகிக்கொண்டே வந்தாள். சேலை கீழே இழுபட்டது. முன்பு எட்டிய பரணுக்கு இப்போது பலகை போட்டு ஏறினாள். "என்னக்கா, மழையில நனைஞ்சு சுருங்கிட்டியா?" என்று காளியாயியே கேலி பண்ணியிருக்கிறாள். வடிவும் சிரித்துவிட்டுச் சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வாள். ஒரு மனுசி கண் முன்னால் குறுகிப்போகிறாளே, ஏன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதுகு வலி அவளுக்குப் புதுசும் இல்லை. ஓர் ஆடி மாசத்து மழையில் சரிவில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள். அடுத்த வருசம் விறகுக் கட்டைத் தூக்கும்போது சுரீரென்று பிடித்தது. ரெண்டு தடவையும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் போனாள். அங்கே கஸ்பர் என்று ஒருவர். டாக்டர் படிப்புப் படித்தவரில்லை, ஆனாலும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நாற்காலியை விட்டு எழும்பாமலே வலிக்குப் பெனடோல் மாத்திரையும் தைலமும் கொடுத்தார். "படம் கிடம் எடுத்துப் பாக்கணுங்களா அய்யா?" என்று வடிவு கேட்டதற்கு, "வயசானா முதுகு வலிக்காம பின்ன என்ன செய்யும்? போய் வேலையப் பாரு" என்றார். வேலையைப் பார்க்க முடியாமல் பாதியில் வந்தால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அரைப்பேர் போட்டார், பாதிச் சம்பளம்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு முழுப்பேருக்கும் நின்றாள். பாவி மகள் அப்படியே பழகிவிட்டாள்.

போன மழைக்காலத்தில்தான் அது நடந்தது. மத்தியான நிறுவை முடிந்து கொழுந்து மடுவத்துக் கொட்டகை வாசலில் சாக்குகள் கிடந்தன. நனைந்த கொழுந்து, ஒவ்வொன்றும் பிணம் கனம் கனத்தது. லொறியில் ஏற்றுகிற ஆட்களைத் தோட்டம் நிறுத்திப் பல மாதமாகிவிட்டது. "அவங்கவங்க சாக்க அவங்கவங்களே ஏத்துங்க" என்று கண்டாக்கு பிரதாப் சட்டம் போட்டிருந்தான். நேற்று முளைத்த பயல், காளியாயிக்கு மகன் வயசு, ஆனால் அவனுக்கு எல்லாரும் 'நீ'தான். வடிவு குனிந்து சாக்கைப் பிடித்துத் தூக்கினாள். பாதி தூக்கியவள் "அய்யோ" என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனது.

"என்ன, நடிக்கிறியா? எழும்பு, லொறி நிக்குது" என்றான் பிரதாப்.

பக்கத்தில் நின்ற காளியாயிக்கு வந்ததே கோபம்! "நடிக்கிறதுக்கு இவ என்ன கூத்துக்கா வந்திருக்கா? கண்ணு தெரியலீங்களா அய்யாவுக்கு?" என்று கேட்டுவிட்டு, வடிவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். லயம் வரைக்கும் அவளைத் தாங்கிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் வடிவு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "உள்ளுக்குள்ள என்னமோ நொறுங்குச்சுடி காளி."

டிஸ்பென்சரியில் பழைய கதைதான். கஸ்பர் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பிடிப்பு என்றார், பெனடோல் கொடுத்தார். ரெண்டு நாள் கழித்துப் புருசன் செல்லசாமி போய்க் கெஞ்சினான். இன்னும் கொஞ்சம் பெனடோல் கொடுத்தனுப்பினார். படுத்தால் வலி கொஞ்சம் அடங்கும், எழும்பினால் உயிர் போகும். கடைசியில் வடிவே சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள். "காளி, நீ வந்து மிதிடி. உன் காலு பட்டாத்தான் சரிவரும்."

காளியாயி போனாள். பாயில் குப்புறக் கிடந்தவளின் முதுகில் பூப்போலத்தான் காலை வைத்தாள். வடிவு போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழியெல்லாம் பறந்துவிட்டது. காளியாயி வெடுக்கென்று காலை எடுத்துக்கொண்டாள். எத்தனை முதுகு மிதித்த கால் அது! பிடிப்பு என்றால் சதை கட்டியாய் முட்டும், இங்கே அப்படி ஒன்றும் முட்டவில்லை. மூன்று மிதி முடிக்காமல் இறங்கக்கூடாது என்பது முறை. அவள் இறங்கினாள். பேசக்கூடாது என்பதும் முறை. அதையும் உடைத்துப் பேசினாள். "செல்லசாமி அண்ணே, இது எங்காலு பாக்குற வேலை இல்ல. ஆட்டோவ கூப்பிடுங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்."

எங்கெங்கோ பள்ளத்தில் விழுந்து எழும்பி, பூண்டுலோயாவில் பஸ் பிடித்து, கண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் வடிவு பாதி செத்துப்போனாள். ஆனால் அங்கே அவளுக்கு நல்ல காலம், தமிழ் பேசுகிற டாக்டர் அம்மா ஒருத்தர் இருந்தார். ஷாமிலா என்று பெயர். படம் எடுத்தார், பிறகு பெரிய குழாய் மெசினுக்குள் படுக்கவைத்து இன்னொரு படமும் எடுத்தார். காளியாயியையும் செல்லசாமியையும் உள்ளே கூப்பிட்டு, வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்.

"இது புடிப்பு இல்லம்மா. முதுகெலும்பு அமுங்கி ஒடஞ்சிருக்கு. எலும்புப்புரைன்னு சொல்லுவோம், எலும்பு உள்ளுக்குள்ள பாணு ரொட்டி மாதிரி பொசுபொசுன்னு ஆயிடுது. மாதவிலக்கு நின்ன பிறகு பொம்பளைகளுக்குத்தான் இது கூட. கனம் தூக்கினா அப்படியே நசுங்கிடும்." அவர் ஒரு எலும்பைத் தொட்டுக் காட்டிவிட்டு விரலைக் கொஞ்சம் மேலே கொண்டுபோனார். "இது புதுசு. ஆனா இங்க பாருங்க, இது ஒண்ணு, இது ஒண்ணு. ரெண்டும் பழசு. எப்பவோ ஒடஞ்சு, யாரும் பாக்காம, அப்படியே நசுங்கி ஒட்டிப்போச்சு. கூன் விழுந்ததும் குள்ளமானதும் அதனாலதான். அப்பவே ஒரு படம் எடுத்து மருந்து குடுத்திருந்தா, இந்த மூணாவது ஒடையாமலே இருந்திருக்கலாம்."

காளியாயிக்குக் கேட்கப் பயமாய் இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. "டாக்டரம்மா, நான் காலால மிதிச்சேன். அதுலயா ஒடஞ்சுச்சு?"

ஷாமிலா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப மிதிச்சீங்க?"

"சாக்கு தூக்கி உக்காந்துட்டா. அதுக்குப் பிறகு. ஒரு தடவதான், கத்தினா, எடுத்துட்டேன்."

"அப்ப ஒடச்சது நீங்க இல்ல, சாக்குதான். ஆனா ஒடஞ்ச எலும்பு மேல கால் வைக்கிறது ஆபத்து, அதையும் நான் சொல்லணும். இன்னும் நசுங்கியிருக்கும், நரம்பு போயிருக்கும். இனிமே படம் பாக்காம யாரு முதுகுலயும் ஏறாதீங்க."

காளியாயி தலையாட்டினாள். திட்டுத்தான், ஆனால் நியாயமான திட்டு. முகத்தைப் பார்த்துச் சொன்ன திட்டு. அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பிறகுதான் டாக்டர் அம்மா வைத்தியத்தைச் சொன்னார். முதுகை வெட்டிப் பிளக்க வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, திரையில் பார்த்துக்கொண்டே ஒரு நீள ஊசியை நசுங்கின எலும்புக்குள் விட்டு, அதன் வழியாக எலும்புச் சிமெந்து செலுத்தினால் கொஞ்ச நேரத்தில் இறுகி எலும்பைத் தாங்கிக்கொள்ளும். மறுநாளே எழும்பி நடக்கலாம். "எல்லாருக்கும் இது தேவைப்படாது. இவங்களுக்கு மாத்திரையில வலி நிக்கல, ஒடஞ்சதும் புதுசு, அதனால பலன் இருக்கும். ரொம்ப நாள் தள்ளிப் போட்டா எலும்பு நசுங்கினபடியே ஒட்டிடும், பிறகு ஊசி போட்டுப் பிரயோசனமில்ல" என்றார்.

சிமெந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பக்கத்து வாட்டுக் கட்டிலில் கிடந்த வடிவு அங்கிருந்தே அலறினாள். "லயத்துச் செவுரு வாயப் பொளந்து கெடக்குது, அதுக்கு ஒரு புடி சிமெந்து தராத ஒலகத்துல எம்முதுகுக்குத் தாராங்களாமா? கல்லாப் போயிருவேன்டி! என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!" எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. நர்சு மிஸ்ஸிமார் சிங்களத்தில் சமாதானம் சொன்னார்கள், அதுவும் எடுபடவில்லை. டாக்டர் அம்மா அடுத்த வியாழக்கிழமைக்குத் தேதி போட்டார். "யோசிச்சிட்டு வாங்க. ஆனா வரும்போது படுக்க வச்சுத்தான் கொண்டுவரணும். இன்னொரு தடவ ஆட்டோவுலயும் பஸ்ஸுலயும் குலுங்கினா கால் ரெண்டும் வெளங்காம போயிடலாம். வெளையாட்டில்ல" என்றார். அன்றைக்கு ஒரு வான் வண்டியைப் பிடித்துப் பின்சீட்டில் படுக்கவைத்து எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார்கள். வான்காரன் தோட்டத்துப் பாதையைப் பார்த்துவிட்டு, இனி செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கும்பிடு போட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாளில் வடிவு தானே வழிக்கு வந்தாள். இருமினால் வலி, சிரித்தால் வலி, ஒன்றுக்குப் போகக் காளியாயி சட்டி பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வெட்கம்தான் அவளை அசைத்தது.

"நெசமாவே நடக்கலாம்னாங்களாடி?"

"நடக்கலாம்னாங்க. நிமிந்து நின்னு என்னோட சண்ட போடணும்னா ஊசியப் போட்டுக்க. படுத்துக் கெடக்குறவகிட்ட நான் சண்ட போடமாட்டேன்."

"அப்ப போட்டுக்கிறேன். தோட்டத்து வண்டியக் கேளு."

தோட்டத்தில் வண்டி இருக்கத்தான் செய்தது. படுக்கை வைத்த அம்புலன்ஸ் வண்டி, எவனோ வெள்ளைக்காரன் நன்கொடை கொடுத்தது. அரசாங்கத்து அம்புலன்ஸை போனில் கூப்பிட்டால் வரும்தான், ஆனால் அது உயிர் போகிற அவசரத்துக்கு. தேதி போட்ட வைத்தியத்துக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அதனால் தோட்டத்து வண்டிதான் கதி. காளியாயி புதன்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனாள். உள்ளே பிரதாப்பும் கஸ்பரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி வேலைக் காயத்துக்குத்தான்" என்றான் பிரதாப்.

"வேலைக் காயந்தாங்களே அய்யா? சாக்கு தூக்கயில ஒடஞ்சது. நீங்களும் நின்னு பாத்தீங்களே."

"நான் எதையும் பாக்கல. நீ ஏறி மிதிச்சு ஒடச்சிட்டு சாக்கு மேல பழி போடுறியா?"

கஸ்பர் அதற்குத் தாளம் போட்டார். "இந்த மூடப்பழக்கத்த விடுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்." ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவருடைய பெண்சாதிக்கே காளியாயி ரெண்டு முறை மிதித்திருக்கிறாள், கஸ்பர் வாசலில் நின்று வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

விசயம் இதுதான். பொம்பளைகள் சாக்கு ஏற்றுவதைப் பற்றி யூனியன்காரர்கள் ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவின் முதுகு வேலையில் உடைந்தது என்று ஆகிவிட்டால் விசாரணை வரும், ஏற்றுகிற ஆட்களை நிறுத்தியது யார் என்று கேள்வி வரும். அதற்குக் காளியாயியின் கால் தோதாகக் கிடைத்தது. பிரதாப் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில பெரட்டுல எல்லாரும் கேக்க நீயே சொல்லு, நான் மிதிச்சுத்தான் ஒடஞ்சதுன்னு. சொன்னா, தொரைகிட்டப் பேசி தர்மத்துக்கு வண்டி அனுப்பச் சொல்றேன். சொல்லாட்டி உங்க இஷ்டம்."

தர்மமாம்! காளியாயி ஆபீசிலிருந்து வழியெல்லாம் திட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். நாசமாய்ப் போகிறவன்கள், ஒருத்தியின் நடையைப் பணயம் வைத்து இன்னொருத்தியின் நாக்கை வாங்கப் பார்க்கிறான்களே! மூன்று எலும்பு நசுங்கியிருக்கிறது. அவள் கால் பட்டது ஒரே ஒரு நாள். மற்ற ரெண்டும் நசுங்கினபோது அவள் கால் எங்கே இருந்தது? அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் நெருப்பாய்க் கிடந்தது. கேட்டால் வண்டி போய்விடும். வண்டி போனால் வடிவு போய்விடுவாள்.

வடிவு படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். "வேணாம்டி. நீ பொய் சொல்லி நான் நிமிர வேணாம். உன்ன ஊரே காறித் துப்பும்."

"துப்புனா தொடச்சிக்குவேன். நீ சும்மா கெட."

"காளி..."

"சும்மா கெடன்னு சொன்னேன்ல!" என்று கத்திவிட்டு, வெளியே போய்த் தண்ணிக் குழாயடியில் நின்று அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

மறுநாள் பெரட்டுக்களத்தில் எல்லாரும் நின்றார்கள். தோட்டத்தை நடத்துகிற தொரை ஜீப்பில் வந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தார். பிரதாப் கூப்பிட்டதும் காளியாயி முன்னால் போனாள். தலையைக் குனியவில்லை. "சண்முகவடிவோட முதுகு எங்காலு மிதிச்சுத்தான் ஒடஞ்சுச்சு" என்றாள். அதற்கு அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினாள். "பாவி" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். போன மாசம்தான் முதுகை மிதிக்கச் சொல்லிக் கெஞ்சின ராக்காயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரதாப் தலையை ஆட்டினான், வண்டி வந்தது. அந்த வண்டியில் வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து கண்டி போகும் வரைக்கும் அவள் குலுங்காதபடி காளியாயி பிடித்துக்கொண்டே போனாள்.

ஊசி போடுகிற அறைக்குள் அவளை விடவில்லை. பிறகு வடிவு சொல்லித்தான் தெரியும். குப்புறப் படுக்கவைத்தார்கள், நினைவோடுதான் இருந்தாளாம். முதுகில் குளிர்ச்சியாய் என்னவோ தடவினார்கள், ஊசி சுருக்கென்றது, பிறகு மரத்துப்போனது. டாக்டர் அம்மா திரையைப் பார்த்துப் பார்த்துக் கையை நகர்த்தினாராம். உள்ளே எதுவோ அழுத்துகிற மாதிரி இருந்தது, கொஞ்சம் சூடாய் இருந்தது, அவ்வளவுதான். வெட்டும் இல்லை, தையலும் இல்லை, ஒரு சின்னப் பிளாஸ்டர்தான். கொஞ்ச நேரம் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் காலையில் மிஸ்ஸி ஒருத்தி வந்து சிங்களத்தில் "நெகிட்டின்ன அம்மே" என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

வடிவு பயந்து பயந்து காலைக் கீழே வைத்தாள். எழும்பினாள். அந்த உயிர்போகிற வலி வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். "அடியே காளி, வலிக்கலடி!" என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். காளியாயி அவளைப் பிடிக்கவா விடவா என்று தெரியாமல் பின்னாலேயே போனாள். ரெண்டு பேரும் அழுதார்கள். பக்கத்துக் கட்டில் சிங்களத்து அம்மாவும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து அழுதாள்.

ஷாமிலா டாக்டர் வந்து எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். "புது முறிவுக்குத்தான் சிமெந்து. பழைய ரெண்டும் அப்படியேதான் இருக்கும், அந்தக் கூன நிமித்த முடியாது. இனி சாக்கு தூக்கவே கூடாது. கிழமைக்கு ஒரு நாள் ஒரு மாத்திரை, விடாமப் போடணும். மறுபடி கிளினிக்குக்கு வரணும். பால் குடிப்பீங்களா?"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுல மாடு நிக்குதுங்க டாக்டரம்மா. ரெண்டு நேரமும் கறக்குறேன். எல்லாம் பால் லொறிக்குப் போயிரும். நாங்க குடிக்கிறது பிளேன்டீங்க." டாக்டர் அம்மா சிரிக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் காளியாயி பட்டதெல்லாம். மிதிக்கச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அவளே இனி ஏறமாட்டாள். ஆனால் குழாயடியில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். "முதுகொடிச்சா வாறா" என்று சின்னப் பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள். வடிவு ஒவ்வொரு காம்பரா வாசலிலும் போய் நின்று, "அவ ஒடைக்கலடி, சாக்குடி" என்று கத்திப் பார்த்தாள். "அவளே பெரட்டுல சொன்னாளே" என்றார்கள். சொன்ன வாயை என்ன செய்வது?

அதோடு விட்டார்களா? இல்லை. தோட்டத்தில் சுகாதாரக் கூட்டமாம். மூடப்பழக்கத்தை ஒழிக்கப் போகிறார்களாம். மத்தியான நிறுவை முடிந்ததும் கொழுந்து மடுவத்து வாசலில் எல்லாப் பொம்பளைகளையும் உட்காரவைத்தார்கள். தொரைக்கு நாற்காலி போட்டார்கள். தோட்டம் தொழிலாளிக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று காட்ட அம்புலன்ஸ் வண்டியைக் கழுவிப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் பிரதாப் காளியாயியைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்குச் சொன்னத அப்படியே சொல்லு. சண்முகவடிவுக்கு மறுபடியும் கிளினிக் இருக்குல்ல? வண்டி வேணும்ல?" என்று சொல்லிவைத்தான்.

கஸ்பர் எழும்பிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சனங்களின் அறியாமையைப் பற்றிப் பேசினார். எலும்பு எவ்வளவு அருமையானது என்றார். ஒரு நல்ல முதுகை ஒரு கால் எப்படி நாசமாக்கிவிட்டது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கடைசியில், "காளியாயி, எழும்பு. நீயே உன் வாயால சொல்லு" என்றார்.

காளியாயி எழும்பினாள். கழுவி நிறுத்தியிருந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பின்வரிசையில் சண்முகவடிவு எழும்பினாள். கூன் இருந்தது, குள்ளம்தான், ஆனால் யார் கையையும் பிடிக்காமல் தன் காலில் எழும்பி நின்றாள். "எனக்கு வண்டி வேணாம்டி காளி. மாத்திரை வாங்க நான் பஸ்ஸுல ஏறிப் போயிக்குவேன். நீ சொல்ல வேண்டியதச் சொல்லு."

அவ்வளவுதான். அத்தனை நாள் அடைத்துவைத்திருந்தது காளியாயியின் தொண்டையிலிருந்து புறப்பட்டது. தொரையைப் பார்த்தே பேசினாள்.

"சொல்றேங்க தொர. இவ முதுகுல நசுங்கின எலும்பு ஒண்ணு இல்ல, மூணு. கண்டி டாக்டரம்மா படத்துல காட்டினாங்க. எங்காலு பட்டது ஒரு நாளு, ஒரு எலும்பு மேல. அதுவும் சாக்கு தூக்கி நொறுங்கின பிறகு. அது தப்புதாங்க, ஏத்துக்கிறேன், இனிமே யாரையும் மிதிக்கமாட்டேன். ஆனா மத்த ரெண்டு எலும்பும் நசுங்கயில நான் அவ பக்கமே போகலீங்க. அப்ப அவ போனது டிஸ்பென்சரிக்கு. அவளுக்குக் கெடச்சது பெனடோலும் அரைப்பேரும். இப்ப நீங்க சொல்லுங்க. அந்த ரெண்டையும் மிதிச்சது யாரு காலுங்க?"

தொரை கஸ்பரைப் பார்த்தார். கஸ்பர் தரையைப் பார்த்தார். "அது... வயசானா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வீரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்பினாள். நேராக அம்புலன்ஸ் வண்டிக்கு நடந்தாள், பின்கதவைத் திறந்தாள், ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், எங்க போற?" என்று பிரதாப் கத்தினான்.

"படம் எடுக்கங்கய்யா. ரெண்டு வருசமா எனக்கும் முதுகு. நான் யாரு காலுக்கும் படுத்ததில்ல. எத்தன எலும்பு போயிருக்குன்னு பாக்கணும்."

அவளுக்குப் பின்னால் ஜீவராணி போனாள். ராக்காயி போனாள். போகிற வழியில் காளியாயியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். வண்டி நிறைந்த பிறகும் வரிசை நின்றது. டிரைவர் தொரையின் முகத்தைப் பார்த்தான், தொரை யாரையும் இறங்கச் சொல்லாமல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மடுவத்து வாசலில் சாக்குகள் அப்படியே கிடந்தன. கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது.

"அப்ப இந்தச் சாக்கையெல்லாம் யாரு ஏத்துறது?" என்று பிரதாப் கேட்டான். கேட்ட குரலில் பழைய அதட்டல் இல்லை.

"அந்த ரெண்டு எலும்பையும் மிதிச்சவங்க ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, காளியாயி வண்டியின் பின்கதவைச் சாத்தினாள்.